எல்மாருக்கு ஒரு துணை

இஞ்சியைத் தோல் சீவிப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. காரமே தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. தோலோடு நசுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு, ஆறிய பிறகு ஈஸ்ட் தூவி, மேலே ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை போடவேண்டும். திராட்சை மிதந்து மேலே வந்துவிட்டால் பானம் தயார். கிறிஸ்துமஸ் வந்தால் இந்தப் பண்ணையில் எல்லா வீட்டிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஜனங்கள் கேட்டு வாங்கிக் குடிப்பது இந்த சன்னா வீட்டில், என் கையால்தான். நீங்கள் கிளாஸைத் தொடவே இல்லையே, மிஸ் அரெண்ட்ஸ். தைரியமாகக் குடியுங்கள். உங்களுடையதில் வெறும் இஞ்சிதான் இருக்கிறது.

குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து நீங்கள் எதற்காக இந்தப் பக்கம் அலைகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் தங்கை லெட்டாவின் ரத்தத்தில் சாராயம் இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இப்போது ஆறாம் மாதம். பைபிள் மேல் கை வைத்து, ஒரு சொட்டுகூடத் தொடவில்லை என்கிறாள். ஏற்கெனவே அவள் பெற்ற மூத்தவன் எல்மார் இப்படிப் புத்தி வளராமல் இருப்பதால் அவள் பேச்சை நம்ப ஊரில் ஆளில்லை. பிறக்கப்போகிற குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று நேற்று நீங்கள் அவளிடம் சொன்னதை நான் அடுப்பருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் தூங்குகிற நேரம் பார்த்து இன்றைக்கு உங்களை வரச் சொன்னேன்.

லெட்டா சொல்வது உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

எங்கள் அப்பா இந்தப் பண்ணையில் டொப் ஊற்றுகிறவராக இருந்தார். காலையில் திராட்சைக் கொடி வரிசைக்குள் இறங்குமுன் ஒரு தகர டம்ளர் ஒயின், வெயில் ஏறும்போது ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று. அதுதான் டொப், எல்லாம் கூலியில் சேர்த்தி. புட்டியில் அடைத்து விற்க லாயக்கில்லாத ஒயினை எங்கள் வயிற்றில் அடைத்தார்கள். ஆண், பெண், பிள்ளைத்தாச்சி என்று பேதம் கிடையாது. பிள்ளைத்தாச்சிகளுக்கு அப்பா டம்ளர் வழிய வழிய ஊற்றுவார், ரத்தம் ஊறுமாம். அவரிடம் கெட்ட எண்ணமே இல்லை, பாவம். அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

எனக்கு மட்டும் ஒயின் ஒத்துக்கொள்ளாது. வாசனை பட்டாலே குமட்டும். மகன் நெவில் வயிற்றில் இருந்தபோது கேட்கவே வேண்டாம். அப்பா ஊற்றுவதை வாங்கி, அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கொடியின் வேரில் கவிழ்த்துவிடுவேன். பக்கத்து வீட்டு டீனா அதைக் கண்டுபிடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டாள்.

"எல்லாரும் இங்க வந்து பாருங்கடி, சன்னாவோட கொடி தள்ளாடுது!" என்று வரிசையின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள். "சாயங்காலம் அதைக் கைத்தாங்கலா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும் போல!"

"உனக்குத் தரலைன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்பேன்.

"ஆமாடி. மண்ணுக்கு ஊத்தற, மனுஷிக்கு ஊத்தினா கொறைஞ்சா போயிடுவ?"

அன்றிலிருந்து என் பங்கையும் டீனாவே குடித்தாள். அப்போது அவளும் பிள்ளைத்தாச்சிதான். அவள் பையன் ஃப்ரிக்கியும் என் நெவிலும் ஒரே பறிப்புக் காலத்தில் பிறந்தவர்கள்.

நெவில் படித்தான். எப்படிப் படித்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. குளிருக்காகச் சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாளை விரலால் தடவித் தடவி வாசிப்பான். நான் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றால், "அம்மா, தள்ளு, அங்க ஒருத்தன் பாதி ரயில்ல ஏறிட்டிருக்கான்" என்பான். பண்ணைப் பள்ளி வாத்தியார் முதலாளியிடமே போய்ப் பேசினார். முதலாளியம்மா தன் பழைய சூட்கேஸைக் கொடுத்தாள். அவன் லாரியில் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன நாளில் குடியிருப்பு வரிசை முழுவதும் வெளியே வந்து கை தட்டியது. நானும் தட்டினேன்.

இப்போது அவன் கேப் டவுனில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறான். கல்யாணம் ஆனதே மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண் வீட்டாரிடம் அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறான். அவனை நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டு நாற்காலியில் என்னை எப்படி உட்கார வைப்பது என்று அவனுக்கே விளங்கியிருக்காது. ஆனால் செத்துப்போனவளுக்கும் தினமும் சாயங்காலம் வருகிறது பாருங்கள், அதுதான் சிரமம். அதற்குள் என் புருஷனும் டிராக்டருக்கு அடியில் போய்விட்டார். ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டு யார் எடுப்பார்கள் என்று உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்து வீட்டில் ஃப்ரிக்கி இருந்தான். நல்ல வளர்ந்த ஆண்பிள்ளை. எண்ணத் தெரியாது, பேர் எழுதத் தெரியாது, சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுவான். ஆனால் பொழுது சாய்ந்ததும் விறகைச் சுமந்துகொண்டு நேராக அம்மாவிடம் வந்துவிடுவான். "அம்மா, வந்துட்டேன்" என்பான். தினமும் அதே மூன்று அடி தூரத்தில் நின்று அதையே சொல்வான். டீனா என்னை வேலிக்கு மேலாகப் பார்ப்பாள்.

"அறிவாளியப் பெத்தியே சன்னா, உனக்கு யாரு விறகு வெட்டறா?"

அவள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்வாள், மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதன்பின் குடியிருப்பு வரிசையை வீடு வீடாகப் பார்க்க ஆரம்பித்தேன். நான் படிக்காதவள்தான், கண் இருக்கிறது. டொப் குடித்த தாய்மார்களின் பிள்ளைகள் எல்லோரும் இங்கேயே இருந்தார்கள். கிளை வெட்டினார்கள், பெட்டி தூக்கினார்கள், தாயோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குடிக்காத ஒருத்தியின் பிள்ளை மட்டும் போய்விட்டான். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.

இனி லெட்டாவுக்கு வருகிறேன். எங்கள் அம்மா செத்தபோது அவள் கைக்குழந்தை. ஒரு இடுப்பில் அவள், இன்னொரு இடுப்பில் நெவில் என்று இரண்டு பேரையும் நான்தான் வளர்த்தேன். நெவில் புத்தகத்தைப் பிடித்தான், இவள் டம்ளரைப் பிடித்தாள். புதுச் சட்டம் வந்து பண்ணையில் டொப்பை நிறுத்திவிட்டார்கள், நிறுத்தி என்ன? சனிக்கிழமையானால் வேனில் பை பையாக ஒயின் வந்து இறங்கும். அவளும் ஹென்னியும் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள், திங்கட்கிழமை தவிர.

அவளுக்கு முதல் தடவை நாள் தள்ளிப்போன சமயத்தில் கிளினிக் வண்டி வந்தது. திராட்சைக் கொட்டகையில் பெண்களை எல்லாம் உட்கார வைத்து, சிஸ்டர் ஒரு பெரிய படத்தைத் தூக்கிக் காட்டினார். தாய் குடித்தால் வயிற்றிலிருக்கும் குழந்தையும் குடிக்கிறது என்றார். மூளை வளராது என்றார். சின்னக் கண், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளமே இல்லாத வழவழப்பு. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் ஒருவர் பிள்ளையை ஒருவர் திரும்பிப் பார்த்தோம். டீனா ஏப்ரன் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"பள்ளிக்கூடத்துல ஒண்ணும் ஏறாது" என்றார் சிஸ்டர். "இதுக்கு மருந்து கிடையாது, திரும்ப சரியாகறதும் கிடையாது. இந்தப் புள்ளைங்க காலம் பூரா ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும். வீட்ட விட்டு எங்கயும் தனியாப் போக முடியாது."

கொட்டகையில் எல்லோரும் அதைக் கேட்டு அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு அது பயமுறுத்தலாகக் கேட்கவில்லை, மிஸ். யாரோ எனக்கு வாக்குக் கொடுத்தது மாதிரி இருந்தது.

லெட்டா அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த ஒயின் பையை எடுத்து முள்கரண்டியால் குத்தி வாசலில் ஓடவிட்டாள். ஹென்னி, "அடிப்பாவி, எனக்காவது ஒரு வாய்!" என்று ஓடிவந்தான். "உனக்கும் கிடையாது. அப்பன் வாயில நாத்தம் அடிச்சா புள்ள திரும்பிப் பார்க்காது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதன்பின் வந்த நாட்களில் அவளுக்கு உடம்பு நடுங்கியது, வியர்த்தது, சோறு தங்கவில்லை. மசக்கையும் சேர்ந்துகொண்டது. என் மடியில் படுத்து, "ஏதாவது குடு அக்கா, செத்துருவேன்" என்று பல்லைக் கடித்தாள். ஆனாலும் ஒயின் கேட்கவில்லை. அப்படி ஒரு பிடிவாதத்தை நான் அவளிடம் அதற்குமுன் பார்த்ததில்லை.

மசக்கைக்கு இஞ்சி நல்லது, அது எல்லோருக்கும் தெரியும். போட்டுக் கொடுத்தேன். முதல் கிளாஸில் திராட்சைச் சாராயத்தைக் கொஞ்சம் கலந்தது அவள் நடுக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான். ஹென்னியின் மாமா காய்ச்சுவது அது. தண்ணீர் மாதிரி இருக்கும், நெருப்பு மாதிரி இறங்கும். இஞ்சியும் நெருப்புதானே. இரண்டும் சேர்ந்தால் எது எதென்று நாக்குக்குத் தெரியாது.

"இதுல என்ன போட்ட அக்கா? நெஞ்சு கதகதங்குது."

"இஞ்சி. கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு."

"நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

நடுக்கம் நின்றது, தூங்கினாள். அதோடு நானும் நிறுத்தியிருப்பேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மறுவாரம் அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே தன் யோசனையைச் சொன்னாள். வூஸ்டரில் ஹென்னியின் அண்ணன் பழம் டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் இருக்கிறான், அவர்களும் அங்கேயே போய்விடுவார்கள், அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது.

"என் புள்ளயும் நம்ம நெவில் மாதிரி ஆகணும் அக்கா" என்றாள். "அதான் என் ஆசை. உன் வளர்ப்பு மாதிரி."

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அவள் அதைச் சொன்னாள். வாயில் துணி கவ்வியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அந்த ஈரத் துணியை வாங்கிப் பிழிந்துவிட்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து தினமும் ஊற்றினேன். அவள் நடுக்கத்துக்கும் அதற்கும் பிறகு சம்பந்தமில்லை.

உங்களுக்குக் கோபம் வருகிறது, முகத்தில் தெரிகிறது. வரட்டும். பாவம் என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஒருநாள் வெறும் இஞ்சியைக் கொடுத்தேன். "இன்னிக்கு சரியில்ல, உன் கைப்பக்குவம் போச்சு" என்று அவளே முகத்தைச் சுளித்தாள். அவள் உடம்பு கேட்கிறது, நான் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பாருங்கள், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

அவள் பெருமையைத்தான் பார்க்க முடியவில்லை. கிளினிக்கில் கொடுத்த பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு கடைக்குப் போவாள். "நான் விட்டுட்டேன், இப்ப இஞ்சிதான்" என்று வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஹென்னியும் அவளுக்காக விட்டான். சபையில் அவளை முன்னால் நிறுத்தி ஜெபம் பண்ணினார்கள்.

எல்மார் பிறந்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தான். சிஸ்டர் அவனைத் துணி விலக்கிப் பார்த்தார், பிறகு லெட்டாவைப் பார்த்தார். கண், உதடு, மூக்குக்குக் கீழே அந்த வழவழப்பு, எல்லாம் படத்தில் இருந்த மாதிரியே இருந்தன.

"நான் நிறுத்திட்டேன் சிஸ்டர். அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, லெட்டா" என்றார் சிஸ்டர். அவர் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. அவள் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அக்காவக் கேளுங்க! அக்கா, சொல்லு!"

நான் சொன்னேன். அவள் ஒயினைத் தொடவில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லையே. சிஸ்டர் என்னையும் அதே பரிதாபத்தோடு பார்த்துவிட்டு எழுதப் போய்விட்டார்.

வூஸ்டர் பேச்சு அத்தோடு நின்றுபோனது. எல்மாரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கோப்பில் எல்லாம் இருக்கும். இருந்தாலும் கோப்பில் இல்லாத சிலதைச் சொல்கிறேன். அவனுக்கு நேற்று என்பதும் நாளை என்பதும் கிடையாது. காலையில் லெட்டா அவனை மடியில் வைத்துக்கொண்டு கிழமைகளைச் சொல்லிக்கொடுப்பாள். அவனும் பாட்டுப் போலத் திருப்பிச் சொல்வான், அவள் முகம் மலர்ந்துபோகும். மத்தியானம் கேட்டால் முழிப்பான். மறுநாள் அவள் மறுபடியும் ஞாயிறிலிருந்து தொடங்குவாள். எத்தனை வருஷம் இதைச் செய்தாள் தெரியுமா? ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய சித்திரவதை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து வெளியே போய்விடுவேன்.

வழி தவறிவிட்டால் சொல்லட்டும் என்று வீட்டுப் பெயரையும் பண்ணைப் பெயரையும் அவனுக்குப் பழக்கினாள். அது தங்கவில்லை. கடைசியில் அதைத் துணியில் எழுதி ஒவ்வொரு சட்டைக் காலரிலும் உள்பக்கமாகத் தைத்தாள்.

பையன்கள் அவனை மின்வேலியைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தான், தூக்கி எறிந்தது. அவர்கள் சிரித்தார்கள். மறுநாளும் பிடித்தான். ஏன்டா பிடித்தாய் என்று லெட்டா அவன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அவங்க சிரிச்சாங்கம்மா" என்றான். "எனக்குப் புடிச்சுது."

அன்றைக்கு அவள் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என் கையாலயே கெடுத்துட்டேன் அக்கா. நாள் தள்ளினது தெரியறதுக்கு முன்னாடி குடிச்சேன்ல? அந்தக் கொஞ்ச நாள். அதுதான் என் புள்ளயத் தின்னுடுச்சு."

"அழாதடி" என்றேன்.

வேறு எதையும் நான் சொல்லவில்லை. அவள் தலையை வாரிவிட்டேன். அதுதான் இந்த வாக்குமூலத்திலேயே எனக்குச் சொல்லக் கூசுகிற இடம். மற்றதற்கெல்லாம் என்னிடம் காரணம் இருக்கிறது. அன்று வாயைத் திறக்காததற்கு மட்டும் இல்லை.

ஆனால் எல்மார் என்னிடம் வந்தான், மிஸ். தினமும் வந்தான். பொழுது இறங்கினால் என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைவான். என் ரொட்டியைத் தின்பான். நான் உட்கார்ந்தால் மடியில் தலை வைப்பான். இவ்வளவு வளர்ந்த பிள்ளை, இன்னமும் வைக்கிறான். இந்த உலகத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிறவன் அவன் ஒருவன்தான். அவனைப் பார்க்கும்போது, இவனுக்கு நான் தீங்கு செய்தேன் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் என்று பாருங்கள். இப்போதுகூட வாசலில் கோழிகளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான். நெவில் ஒருநாளும் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

இத்தனை வருஷமாக லெட்டா தொடவே இல்லை. சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறாள். எனக்கும் ஊற்றவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு இந்த வருஷம் அவளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. இரண்டு பேரும் பயந்தார்கள், அழுதார்கள், பிறகு சந்தோஷப்பட்டார்கள். ஹென்னி தொட்டிலுக்கு மரம் வாங்கிவந்தான். "இந்தத் தடவ எல்லாம் நல்லபடியா நடக்கும் அக்கா. முதல் நாள்லேர்ந்தே என் ரத்தம் சுத்தமா இருக்கு" என்று லெட்டா என் கையைத் தன் வயிற்றில் வைத்தாள். "இவன் படிச்சு ஆளாகி நம்ம எல்லாரையும் டவுனுக்குக் கூட்டிட்டுப் போவான் பாரு."

எனக்கு வயதாகிவிட்டது. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்மாரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் போன பிறகு இவனோடு யார் உட்காருவார்கள்? தம்பி படிப்பான், போவான். போகிற பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். தனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று பெண் வீட்டாரிடம் சொல்லக்கூட மாட்டான். எல்மார் வாசலில் நின்று, கோழிகளிடம் அவனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பான். என் தட்டை எல்மார் பக்கம் தள்ளிவிட்டேன்.

மசக்கை வந்தது. இஞ்சி கேட்டாள்.

இந்தத் தடவை கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அளவைக் குறைத்திருப்பேன். அந்தக் காகிதம் வந்த அன்று ஹென்னி தொட்டிலுக்கு வாங்கிய மரத்தைத் தூக்கி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டான். "இத எரிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். டீனாகூட வேலிக்கு மேலாக இப்போது பேசுவதில்லை.

லெட்டா என்ன செய்தாள் தெரியுமா? தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, தூக்கத்துல எந்திரிச்சுப் போய் நான் குடிக்கிறேனா? நீ பார்த்தியா? மறைக்காம சொல்லு."

"இல்லடி."

"அப்போ எப்படி வருது? எனக்குத் தெரியாமலே என் உடம்பு குடிக்குது அக்கா. எனக்குப் பயமா இருக்கு. ராத்திரி என் கையக் கட்டிப் போட்டுடு."

கட்டினேன். அவள்தான் கேட்டாள். வலிக்கக் கூடாதென்று என் சபைக்குப் போகிற கழுத்துத் துணியால், மணிக்கட்டைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினேன். கை கட்டியிருந்ததால் தலையைத் தூக்கிப் பிடித்து, கிளாஸை நானே அவள் வாயில் வைத்தேன். "நீ இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள். இன்றைக்குக் காலையிலும் குடித்தாள். அதனால்தான் இவ்வளவு நேரம் நாம் பேசியும் எழுந்திருக்கவில்லை.

ஆக, கலந்தவள் நான், கொடுத்தவள் நான். எல்மாருக்கும் நான்தான், வயிற்றில் இருப்பதற்கும் நான்தான். சாராயப் புட்டி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். லெட்டாவுக்கு ஒன்றுமே தெரியாது. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் இதையே சொல்கிறேன்.

மனசாட்சி உறுத்திச் சொன்னாள் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், எனக்குப் பொய் பிடிக்காது. நேற்று அவளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? தாய் குடிக்கிறாள் என்றால் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவோம், தாய் மேல் தப்பில்லை என்றால் குழந்தை வீட்டிலேயே இருக்கும் என்று சொன்னீர்கள். தாய் மேல் தப்பில்லை. அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறேன். இத்தனை மாதம் எல்மாருக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்ததை, ஆஸ்பத்திரி வாசலிலேயே முன்பின் தெரியாத யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

ஜெயில் என்றால் வருகிறேன், மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் உடனே வேண்டாம், மிஸ். கொஞ்ச நாள் பொறுத்து அழைத்துப் போங்கள். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு முலையைப் பிடித்து உறிஞ்சத் தெரியாது. பஞ்சைப் பாலில் நனைத்து, விடிய விடிய உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாக வாயில் விடவேண்டும். அவ்வளவு பொறுமை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்டு.